மாமன் மடி

நிலவழகன் மணைப்பலகையில் சம்மணம் போட்டு, மடியில் ஒரு கடலைச் சாக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் அவன் காதுக்குப் பக்கத்தில் நின்று எவர்சில்வர் தாம்பாளத்தைக் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தேன். பட்டப்பகல். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் ஊரில் வேலையில்லாதவர்களுக்குப் பஞ்சமில்லை, பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"இன்னும் வேகமா அடிங்கக்கா. மேளக்காரங்க இப்படி மெதுவா அடிக்க மாட்டாங்க."

"கையி வலிக்குது தம்பி."

"அப்ப எடது கையில அடிங்க."

அவன் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. அவனுக்கு விளையாட்டாகப் பேசவும் வராது. வலது கை வலித்தால் இடது கை இருக்கிறதல்லவா, அவ்வளவுதான் அவன் கணக்கு. நான் கரண்டியைக் கை மாற்றிக்கொண்டேன். அவன் கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு, சாக்கைக் குழந்தையைப் போல அணைத்துப் பிடித்திருந்தான். வேர்வை தாடையில் சொட்டியது. கொஞ்ச நேரத்தில் சாக்கை அப்படியே தள்ளிவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினான்.

"நாளைக்கு இதவிடக் கொஞ்சம் கூட உக்காந்துருவேன்," என்று அங்கிருந்தே சொன்னான்.

அவன் தங்கை சுடர்விழியின் மகளுக்கு வைகாசியில் காதுகுத்து. எங்கள் பக்கத்தில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் மொட்டை போடுவார்கள், காது குத்துவார்கள். அப்பன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அன்றைக்கு ஓரமாக நிற்க வேண்டியதுதான். அவன் அம்மா மருதாயிக்கு ஒரே மகன். ஆக அந்த மடி நிலவழகனுடையது. மடியில் ஒரு குறையும் இல்லை. அந்த மடிக்கு மேலே இருந்த தலையில்தான் சிக்கல்.

எனக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே ஒரு சந்துதான். எனக்குத் தையல் பிழைப்பு. அவர்கள் கருப்பரைக் கும்பிடுகிறவர்கள், நான் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற அடைக்கலமேரி. ஆனாலும் மருதாயி வீட்டுக் குழம்பில் உப்பு கூடினால் முதலில் எனக்குத்தான் தெரியும். நிலவழகனைக் கைப்பிள்ளையாக இருந்தபோதிருந்து பார்க்கிறேன். குக்கர் விசில் அடித்தால் அழுவான். புதுச்சட்டை போட்டால் கழுத்தில் இருக்கும் கம்பெனி சீட்டைப் பிய்த்து எறிகிற வரைக்கும் அழுவான். தோளில் யாராவது கை வைத்தால் நெருப்புப் பட்டவனைப் போல நகர்ந்துகொள்வான். ஆனால் என் தையல் மெஷின் சத்தம் மட்டும் அவனுக்குப் பிடிக்கும். மனசு சரியில்லாத நாளெல்லாம் என் வீட்டுக்கு வந்து மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வான்.

"இது ஒரே மாதிரி போகுதுக்கா. எப்ப நிக்கும்னு ஒங்க காலப் பாத்தாத் தெரிஞ்சுரும்," என்பான்.

எலக்ட்ரிக்கலில் டிப்ளமோ படித்தவன். கோயம்புத்தூர், ஓசூர், திருச்சி என்று கம்பெனி கம்பெனியாகப் போனான். ஒரு கம்பெனியில், மேனேஜர் எல்லோருக்கும் முன்னால் பேசிக்கொண்டிருக்கும்போது, நீங்கள் சொல்வது தப்பு என்று எழுந்து சொல்லிவிட்டான். இன்னொன்றில், சாப்பாட்டு மணி அடித்ததும் வெளியே போனவன் ஒரு நாய்க்குட்டியின் பின்னால் போய் மறுநாள்தான் நினைப்பு வந்து திரும்பினான். கடைசியில் ஊருக்கே வந்து போர் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறான். அதிலும் பாருங்கள், மோட்டாரைக் கழற்றுவான், துடைப்பான், அழகழகாக அடுக்கி வைப்பான், அப்புறம் ஆளைக் காணோம். மோட்டார்க்காரர் தெருத்தெருவாகத் தேடினால், இவன் எங்கேயாவது வரப்பில் குந்தி, தண்ணீர் போகிற வழியைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஏச்சு வாங்குவான். மறுநாள் போய் மாட்டிக் கொடுப்பான்.

ரெண்டு வருசத்துக்கு முன் அவனாகவே யூடியூபில் எதையோ பார்த்துவிட்டுத் திருச்சிக்கு ஒரு டாக்டரிடம் போய் வந்தான். வந்ததும் நேரே என் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ரெண்டு இருக்காம்க்கா. ஒண்ணு ஆட்டிசம். இன்னொண்ணு ஏடிஹெச்டி."

"ஒண்ணு போதாதா, ரெண்டா?" என்றேன், வாய் சும்மா இருக்காமல்.

அவன் கோபிக்கவில்லை. "ஒண்ணுக்கு எல்லாம் வச்சது வச்ச எடத்துல இருக்கணும். இன்னொண்ணுக்கு எங்க வச்சோம்னே நெனப்பு இருக்காது. ஒண்ணு தெனமும் ஒரே மாதிரி இருக்கணும்ங்கும். இன்னொண்ணுக்கு ஒரே மாதிரி இருந்தா மூச்சு முட்டிரும். ரெண்டும் எனக்குள்ளயே கெடந்து அடிச்சுக்கிதுக்கா. நடுவுல நான் அலுத்துப் போறேன்."

"மருந்து இருக்காமா?"

"அந்த நெனப்பு ஓடுறதுக்கு இருக்கு. இன்னொண்ணு நோயே இல்லியாம். நான் அப்படித்தானாம்." கொஞ்ச நேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன மாதிரி ஆளுங்க நெறையப் பேரு இருக்காங்களாம்க்கா. நான் ஒருத்தரக்கூடப் பாத்ததில்ல."

மருதாயியிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கலியாணம் பண்ணிவச்சாச் சரியாப் போயிரும்னு டாக்டரு சொல்லலியா?"

சித்திரைக் கடைசியில் அவர்கள் கொல்லையில் கடலை பிடுங்கினார்கள். போர்த் தண்ணீரில் போட்ட கடலை. செடியைப் பிடுங்கி வேப்பமரத்தடியில் குமித்துப் போட்டிருந்தார்கள். நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தோம். மண் காய்ந்து சூடாக இருந்தது. காற்று இல்லை. மருதாயி ஒரு பானை நிறைய மோரைக் கரைத்து வைத்திருந்தாள். இரண்டு கையளவு பச்சைக்கடலையை அங்கேயே கல் அடுப்புக் கூட்டி அவித்தும் கொடுத்தாள். நிலவழகனும் எங்களோடு உட்கார்ந்து ஆய்ந்தான். அவனுக்கு அந்த வேலை பிடிக்கும். பிடிக்கிற மட்டும் செய்வான், அப்புறம் எழுந்து போய்விடுவான்.

அன்றைக்குத்தான் சம்மந்தி வீட்டார் விராலிமலையிலிருந்து காரில் வந்து இறங்கினார்கள். சுடர்விழி, அவள் புருசன் அரவிந்த்குமார், மாமியார் செல்வராணி, மூன்று வயது முடிந்த பேத்தி அன்புச்செல்வி. எல்லோருக்கும் அவள் பாப்பாதான்.

செல்வராணி சேலையை மடித்துவிட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். "கடலை இந்த வருசம் தேவலையா சம்மந்தி?"

"என்னத்தத் தேவல. பாதி பொக்கு. கடைசித் தண்ணிக்குப் போர் கைவிட்டுருச்சு. மோரு குடிங்க."

"குடிக்கிறேன். நாங்க ஒரு விசயமா வந்தோம். தப்பா எடுத்துக்கக் கூடாது."

தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஆரம்பித்தால் தப்பாகத்தான் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். நான் காயைப் பிய்ப்பதை நிறுத்தவில்லை, காதை மட்டும் தீட்டிக்கொண்டேன்.

"காதுகுத்துக்கு எங்க பக்கம் சனம் நெறைய வருது. மேளம், வேட்டு எல்லாம் சொல்லியாச்சு. தம்பிக்குத்தான் சத்தம் ஒத்துக்காதே. நடுவுல எந்திரிச்சுப் போயிட்டா நல்லாவா இருக்கும்? அதான், ஒங்க கொழுந்தனார் மகன் வசந்த் இருக்காருல்ல. அவரும் பாப்பாவுக்கு மாமன் மொறதானே. அவரு மடியில வச்சுக்கிட்டா ஒரு தொல்லையும் இல்ல."

மருதாயியின் கை நின்றுவிட்டது. சுடர்விழி ஒரு காயை எடுத்து அதில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"வசந்து ஒண்ணுவிட்ட மாமன்," என்றான் நிலவழகன். "நான் இல்லாட்டித்தான் அவன். நான் இருக்கேன்ல அத்த."

"இருக்கீங்க மச்சான்," என்றான் அரவிந்த்குமார். "அங்க இருப்பீங்களான்னுதான் கேக்குறோம்."

"இருப்பேன்."

"கல்யாணத்துலயும் இப்படித்தான் சொன்னீங்க."

கல்யாணத்தில் நடந்ததை ஊரே அறியும். மாப்பிள்ளைக்கு மச்சினன் மோதிரம் போட வேண்டிய நேரத்தில் இவனைக் காணோம். தாலி கட்டி முடித்து, பந்தி பாதி ஓடிய பிறகுதான் வந்து சேர்ந்தான்.

"மோதிரத்த வீட்ல வச்சுட்டேன், எடுக்கப் போனேன் மாப்ள. அங்க மோட்டார் ஓடி, தொட்டி வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நிறுத்தப் போனா சுவிட்சு சூடா இருந்துச்சு. அதக் கழட்டுனேன். மாட்டுறதுக்குள்ள நீங்க தாலியக் கட்டிட்டீங்க."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். நிலவழகன் எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தான், இது சிரிக்கிற இடமா என்று தெரியாமல் அவனும் கொஞ்சம் சிரித்தான்.

இந்த நேரத்தில் பாப்பா என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். அவள் யார் மடியிலும் உட்காரவில்லை. நேரே மாமனிடம் போய், அவன் முதுகில் தன் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, ஆய்ந்த கடலையை எடுத்து ஒற்றைப் பருப்புக் காயைத் தனியாகவும் இரட்டைப் பருப்புக் காயைத் தனியாகவும் வரிசை வைத்துக்கொண்டிருந்தாள். பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான்" என்று செல்வராணி கேட்காமலே சொன்னார்.

ரோட்டில் ஒரு டிராக்டர் பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. பாப்பா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கடலைக் குமியில் முகத்தைப் புதைத்தாள். அதே நேரத்தில் நிலவழகனும் காதைப் பொத்தியிருந்தான். டிராக்டர் போனதும் இரண்டு பேரும் ஒன்றாகக் கையை எடுத்தார்கள். "என்ன பழக்கம் இது, மூஞ்சியெல்லாம் மண்ணு," என்று சுடர்விழி பிள்ளையைத் தூக்கித் துடைத்தாள். நிலவழகன் அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் யார் முகத்தையும் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை.

கடைசியில் சுடர்விழிதான் பேசினாள். "அண்ணன் மடியிலயே உக்காரட்டும் அத்த. அண்ணன் இருந்துரும்."

"ஒம் பேச்ச நம்பித்தான் சொல்றேன். வசந்த் எதுக்கும் பக்கத்துல நிக்கட்டும்," என்று செல்வராணி எழுந்துகொண்டார்.

காரில் ஏறுமுன் சுடர்விழி அண்ணனிடம் வந்தாள். "அண்ணே, அங்கிட்டு இங்கிட்டுப் போயிராத. எனக்கு அந்த வீட்ல ஒரு மரியாதை வேணும்ல."

"போகமாட்டேன்."

அதற்குத்தான் இந்தக் கடலைச் சாக்கும் தாம்பாளமும். சாக்கில் பாப்பா எடைக்குக் கடலையை அள்ளிப் போட்டு, தினமும் என்னை அடிக்கச் சொன்னான். கொஞ்சம் கொஞ்சமாக நேரம் கூடியதே தவிர மொட்டை போட்டு முடிகிற அளவுக்குத் தேறவில்லை. பிறகு ஆன்லைனில் ஒரு பாக்கெட் வாங்கினான். மஞ்சள் பஞ்சு. விரலில் உருட்டிக் காதுக்குள் விட்டால் மெல்ல விரிந்து அடைத்துக்கொள்ளும். அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்த அன்றைக்கு, எனக்குக் கைதான் ஓய்ந்தது, அவன் அசையவில்லை.

"இப்ப நீங்க பக்கத்து ஊர்ல அடிக்கிற மாதிரி இருக்குக்கா."

மருதாயி பார்த்துவிட்டுப் பதறினாள். "காதுல பஞ்சா? பொணத்துக்குத்தாண்டா காதுலயும் மூக்குலயும் பஞ்சு வப்பாங்க. நல்ல காரியத்துல அத வச்சுக்கிட்டு உக்காந்தா சம்மந்தி வீட்ல என்ன சொல்லுவாங்க?"

அவள் சொன்னதும் நியாயம்தான். நான் யோசித்தேன். தாய்மாமனுக்கு உருமா கட்டுவார்கள். உருமா என்றால் தலைப்பாகை. அதைக் காதை மூடுகிற மாதிரி தாழ்த்திக் கட்டினால் உள்ளே பஞ்சு இருப்பது யாருக்குத் தெரியும்? கோயிலில் யார் யாரோ தலையைத் தொட்டுக் கட்டினால் அவனுக்கு ஆகாது என்று, பட்டுத்துண்டை அவன் தலை அளவுக்கு மடித்து நானே தைத்துக் கொடுத்தேன். தொப்பி மாதிரி மாட்டிக்கொள்ளலாம். உள்ளே மெல்லிய பழைய வேட்டித் துணி, உறுத்தாமல் இருக்க. போட்டுக் கண்ணாடியில் பார்த்தான். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் மறக்கவில்லை. அதற்குள் பாக்கெட்டில் இருந்த பஞ்செல்லாம் தொலைந்து ஒரு ஜோடிதான் மிச்சம். சட்டைப் பையோடு துவைத்தது பாதி, மோட்டார் கொட்டகையில் விட்டது பாதி. அந்த ஒரு ஜோடியை வாங்கி நான் பத்திரப்படுத்தினேன்.

கருப்பர் கோயில் தைலமரக் காட்டுக்குள் இருக்கிறது. காலையிலேயே வெயில் கொளுத்தியது. ஒரு பக்கம் கிடாயை உரித்துக்கொண்டிருந்தார்கள், ஒரு பக்கம் அண்டாவில் சோறு கொதித்தது, மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர். மாமன் சீர்த்தட்டு ஊர்வலமாக வந்தபோது வேட்டு வெடித்தார்கள். உருமாவுக்குக் கீழே நிலவழகன் முன்னால் பார்த்தபடி நடந்து வந்தான். வேட்டுக்கு வேட்டு அவன் கண் மட்டும் சிமிட்டியது.

"பரவால்லியே, மாமன் கம்பீரமாத்தான் வாராரு," என்று விராலிமலைக்காரர் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. ஏதோ நான் பெற்ற பிள்ளையைச் சொன்னதுபோல எனக்குப் பெருமையாக இருந்தது.

பலகையில் உட்கார்ந்தான். பாப்பாவை மடியில் வைத்தார்கள். தலையில் தண்ணீரைத் தெளித்ததுமே பிள்ளை வீறிட்டது. மொட்டை போடுகிறவர் கத்தியை வைக்க முடியாமல் வைத்து, ஒருவழியாக வழித்து முடித்தார். குளிப்பாட்டிச் சந்தனம் பூசி மறுபடி மடிக்குக் கொண்டுவந்தபோது பிள்ளைக்கு அழுவதற்கே தெம்பு இல்லை. ஆசாரி காதுகுத்துகிற தங்கக்கம்பியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"மேளத்த நல்லா அடிங்கப்பா, புள்ள அழுகுற சத்தம் கேக்கக் கூடாது," என்றார் செல்வராணி. அது வழக்கம்தான். காது குத்தும்போது கெட்டிமேளம் கொட்டுவார்கள். மேளக்காரர்கள் நெருங்கி வந்து பிள்ளையின் தலைமாட்டிலேயே நின்று கொட்டினார்கள்.

பாப்பா விறைத்துக்கொண்டாள். காதைப் பொத்திய கையை நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். தலையை மாமனின் நெஞ்சில் முட்டினாள், திரும்பத் திரும்ப முட்டினாள். ஆசாரி, "இப்படி ஆடுனா குத்த முடியாதும்மா, எடம் மாறிப் போயிரும்," என்று கையை எடுத்துவிட்டார்.

"அண்ணே, இங்கிட்டுக் குடுங்க. நான் அமுக்கிப் புடிக்கிறேன்," என்று வசந்த் குனிந்து கையை நீட்டினான்.

நிலவழகன் கொடுக்கவில்லை. பிள்ளையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, இன்னொரு கையை உருமாவுக்குள் விட்டான். இரண்டு பக்கமும் இருந்த பஞ்சை எடுத்தான். வேட்டியில் துடைத்து, மெல்லிசாக உருட்டி, பாப்பாவின் காதில் ஒன்றை வைத்து விரலால் பிடித்துக்கொண்டான். பிறகு அடுத்த காது. அது விரிய எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அப்படியே பிடித்திருந்தான்.

பிள்ளை முட்டுவதை நிறுத்தியது. தலையைத் தூக்கி மேளக்காரர்களைப் பார்த்தது. அவர்கள் எப்போது தூரமாகப் போனார்கள் என்பது போல ஒரு பார்வை. ஆசாரி அந்த நேரத்தை விடவில்லை. ஒரு காது, மறு காது. பாப்பா "ம்" என்று ஒரு முனகல் முனகியது, அவ்வளவுதான்.

எல்லோரும் தோட்டைப் பார்த்தார்கள். நான் நிலவழகனைப் பார்த்தேன். இப்போது அவன் காதில் ஒன்றும் இல்லை. மேளமும் நாயனமும் ஸ்பீக்கரும் மொத்தமாக அவன் தலையில் இறங்கிக்கொண்டிருந்தன. கழுத்து நரம்பு புடைத்து, உதடு வெளுத்து, கையெல்லாம் நடுங்கியது. மடி மட்டும் அசையவில்லை. மேளம் ஓய்கிற வரைக்கும் அவன் எழுந்திருக்கவில்லை. மருதாயி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள்.

இதோடு நின்றிருந்தால் அது ஒரு நல்ல நாளாக இருந்திருக்கும்.

"அது என்ன தம்பி, புள்ள காதுல மஞ்சளா?" என்று செல்வராணி குனிந்தார். "பஞ்சா? நல்ல நாளும் அதுவுமா புள்ள காதுல பஞ்ச வச்சீங்களா?"

நிலவழகன் நிமிர்ந்தான். சத்தத்தில் அவன் காது அடைத்திருக்க வேண்டும். ரொம்பச் சத்தமாகப் பேசினான். சாப்பாட்டுப் பந்தல் வரைக்கும் கேட்டது.

"ஆமா அத்த. பாப்பாவும் என்ன மாதிரிதான். சத்தம் ஆகாது. கடலை ஆயிறப்பவே பாத்தேன். பேச்சு வராதது, வரிசை வைக்கிறது, எல்லாம் என்ன மாதிரியேதான். என்னப் பாத்த டாக்டர்கிட்டயே காட்டலாம். நான் கூட்டிக்கிட்டுப் போறேன்."

அவன் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. பெண் பார்த்துவிட்டு வந்து பிடித்திருக்கிறது என்று சொல்கிறவன் முகத்தில்கூட அப்படி இருக்காது. அரவிந்த்குமாரின் முகம் சிவந்ததையோ, செல்வராணி மருமகளைத் திரும்பிப் பார்த்த பார்வையையோ அவன் காணவில்லை. அவன் பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுடர்விழி வந்து பிள்ளையைப் பிடுங்கினாள். காதில் இருந்த பஞ்சை எடுத்து மண்ணில் வீசினாள். பிள்ளை மறுபடி வீறிட்டது.

"எம் புள்ளைய ஒன்ன மாதிரின்னு சொல்லாத. சொல்லாத அண்ணே. இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராத."

கறிச்சோறு பந்தி நடந்தது. எங்களுக்கு இறங்கவில்லை. நிலவழகன் காது குத்திய இடத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். இரண்டு பஞ்சையும் தேடி எடுத்து, ஊதி, கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"நான் எந்திரிச்சுப் போகலையேக்கா."

"போகல தம்பி. நல்லா உக்காந்த."

"அப்பறம் ஏன் கோவம்?" பஞ்சை உள்ளங்கையில் உருட்டினான். "என்ன மாதிரின்னா அது திட்டாக்கா?"

கையைப் பிடிக்கலாம் என்றால் அவனுக்குத் தொட்டால் ஆகாது. அவன் உருமாவைக் கழற்றி, பஞ்சை அதற்குள் வைத்து, மடிப்புக் கலையாமல் என்னிடம் கொடுத்துவிட்டு, காட்டுப் பாதையில் வீட்டைப் பார்த்து நடந்தான்.

அதற்குப் பிறகு சுடர்விழி ஆடிக்கும் வரவில்லை. மருதாயி போன் பண்ணினால் பேசுவாள். அண்ணனைப் பற்றிக் கேட்க மாட்டாள். நிலவழகன் பாப்பாவுக்கு என்று வேப்பமரத்தில் ஒரு ஊஞ்சல் கட்ட ஆரம்பித்தான். ஒரு கயிறு கட்டினான். அடுத்த கயிறுக்குள் வேறு எதுவோ நினைப்பு வந்து போய்விட்டான். அந்த ஒற்றைக் கயிறு காற்றில் ஆடிக்கொண்டே கிடந்தது. மருதாயி அதை அவிழ்க்கவும் மனசில்லாமல் இருந்தாள். அவன் என் வீட்டுக்கு வந்து உட்காருவது கூடியது. நான் மெஷினை நிறுத்தினால் தலையைத் தூக்கிப் பார்ப்பான்.

புரட்டாசியில் ஒரு நாள், அவன் என் வீட்டில் இருக்கும்போது அவன் போன் அடித்தது. தங்கை பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அவன் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான், போன் காதில் ஒட்டினால் பிடிக்காது.

"அண்ணே," என்றாள். "அந்தப் பஞ்சு எந்தக் கடையில வாங்குன?"

நான் மெஷினை நிறுத்திவிட்டேன்.

"கடையில இல்ல. ஆன்லைன்ல. வர ஒரு வாரம் ஆகும். ஏன்?"

"ஸ்கூல்ல ஆண்டு விழாவுக்கு டான்ஸ் ரிகர்சலாம். பாட்டுப் போட்டா தலையச் செவத்துல முட்டுதாம். மிஸ்ஸு கூப்ட்டுச் சொன்னாங்க. நாளைக் கழிச்சு மறுபடி வச்சுருக்காங்க. அன்னைக்கு அத வச்சதும் சும்மா இருந்துச்சுல்ல."

"இருந்துச்சு. எங்கிட்ட இருக்கு. நான் கொண்டுக்கிட்டு வாரேன். இப்பவே பஸ்ஸு இருக்கு. எப்படி உருட்டி வைக்கிறதுன்னு காட்டுறேன்."

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"வேணாம்ண்ணே. அத்த இருக்காங்க. கூரியர்ல போடு."

"சரி."

அவள் வைத்துவிட்டாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டே நின்றான். நான் பீரோவைத் திறந்து உருமாவுக்குள் செருகி வைத்திருந்த சின்னத் துணிப்பையை எடுத்துக் கொடுத்தேன். அந்த ஒரு ஜோடி. வெந்நீரில் கழுவி, நிழலில் காயவைத்து, எப்படி வைக்க வேண்டும் என்று ஒரு வீடியோவும் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினான். வழியில் வேறு நினைப்பு வந்து எங்கேயாவது இறங்கிவிடக் கூடாது என்று பையைக் கையில் பிடித்தபடியே கூரியர் ஆபீஸ் இருக்கிற கீரனூருக்குப் பஸ் ஏறினான்.

மத்தியானம் தாண்டியும் வரவில்லை. மருதாயி மூன்று தடவை வந்து கேட்டுவிட்டுப் போனாள். எங்கேயோ எதையோ பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான் என்றுதான் நானும் நினைத்தேன். வெயில் சாயும் நேரத்தில் ரோட்டில் ஒரு ஆள் நடந்து வருவது தெரிந்தது. இரண்டு உள்ளங்கையாலும் காதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முழங்கை இரண்டும் வெளியே நீட்ட, செருப்பெல்லாம் புழுதியாக நடந்து வந்தான். கீரனூரிலிருந்து அவ்வளவு தூரமும் நடந்திருக்கிறான்.

"பஸ்ஸு வரலியா தம்பி?"

கையை எடுத்துவிட்டு, "என்னக்கா?" என்றான். நான் மறுபடி கேட்டேன்.

"வந்துச்சு. உள்ள பாட்டு, பயங்கரச் சத்தம். ஏறல. நடந்தே வந்துட்டேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பஞ்சு பாப்பாகிட்டப் போயிருச்சுல்ல."

செம்பில் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, வழக்கமான இடத்தில், மெஷினுக்குப் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். அன்றைக்கு எனக்குத் தைக்கத் துணி ஒன்றும் இல்லை. வெறும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன்.